மலை ஏறாத வெல்லம்

மஹ்ஜபீனுக்கு அந்த ஊரில் ஒன்றுமே பிடிக்கவில்லை. காலை ஏழு மணிக்குக் காரிலிருந்து இறங்கியதும் தெருவைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். அந்த மூக்கு அதன்பிறகு நேராகவே இல்லை. இடியாப்பத்தைப் பார்த்துச் சுளித்தது, பாயாவைப் பார்த்துச் சுளித்தது, கை கழுவப் போன இடத்தில் குழாயைப் பார்த்துச் சுளித்தது. சுளித்துக்கொண்டே ஏழு இடியாப்பம் சாப்பிட்டாள் என்பது வேறு விஷயம்.

ஷர்புன்னிசா எல்லாவற்றையும் பார்த்தும் பார்க்காதவள்போல இருந்தாள். மஹ்ஜபீன் மாப்பிள்ளைக்கு அம்மா. சென்னையில் பெரம்பூரில் சொந்த வீடு. ஒரே மகன் சுபைருக்குக் கம்பெனி வேலை. போன மாதம் வந்து ஷர்புன்னிசாவின் மகள் ஹப்சாவைப் பார்த்துவிட்டுப் போய், பிடித்திருக்கிறது என்று சொல்லியனுப்பினார்கள். இன்றைக்கு அம்மாவும் மகனுமாக நிச்சயத்துக்கு நாள் குறிக்க வந்திருந்தார்கள். அந்த நாள் குறிக்கப்பட்டுவிட்டால் ஷர்புன்னிசா நிம்மதியாகத் தூங்குவாள். தூங்கி இரண்டு வருஷம் ஆகிறது.

இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. பெண்ணிடம் குறையில்லை. எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்துவிட்டுத் தனியார் பள்ளி ஒன்றில் பாடம் நடத்துகிறாள். குடும்பத்திலும் குறையில்லை. குறை ஊரின் பேரிலும் தொழிலின் பேரிலும் இருந்தது. அவள் கணவர் அப்துல் ஜப்பார் கள்ளக்குறிச்சியில் இருபத்தாறு வருஷமாக வெல்ல மண்டி வைத்திருக்கிறார். ஊருக்குள் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அத்தனை சாவு விழுந்த வருஷத்துக்கு அப்புறம், வெளியூர்க்காரனிடம் கள்ளக்குறிச்சி என்றால் சாராயமா என்கிறான். வெல்லம் என்றால் ஓகோ என்கிறான். அந்தச் சாவுக்கும் வெல்லத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அது விஷம், என்று எத்தனை பேருக்குப் போன் போட்டுச் சொல்ல முடியும்? ஆம்பூரிலிருந்து பேசின ஒருவர் பாதிப் பேச்சிலேயே லைனைத் துண்டித்துவிட்டார்.

அன்றைக்கே ஜப்பார் ஒரு சட்டம் போட்டார். நம் வீட்டுக் கையால் மலைக்கு ஒரு கட்டி வெல்லம் போகக்கூடாது. கல்வராயன் மலையில் திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சுகிறவர்கள் வெல்லத்தில்தான் ஊறல் போடுகிறார்கள். அதனால் மூட்டையாக மேலே போகிற வெல்லத்தை அடிவாரத்துச் சோதனைச் சாவடியிலேயே போலீஸ் மடக்கிவிடும். சொந்தக்காரன் கேட்டாலும் சரி, கோயில் பொங்கலுக்குக் கேட்டாலும் சரி, மலை என்று காதில் விழுந்தால் ஜப்பார் தராசைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

இந்தக் குடும்பத்தில் சட்டத்துக்கு முந்தின வழக்கம் ஒன்றும் உண்டு. வீட்டுக்கு வந்த உறவு வெறுங்கையோடு திரும்பக்கூடாது. பதினைந்து கிலோ வெல்லம் கூடவே போக வேண்டும். அதைக் கையில் கொடுக்கக்கூடாது, கண்ணிலும் காட்டக்கூடாது. அவர்கள் பார்க்காத நேரத்தில் வண்டியில் வைத்துவிட வேண்டும். கையில் கொடுத்தால் வாங்குகிறவர் மரியாதைக்காவது ‘ஐயோ, வேணாங்க’ என்பார். வேண்டாம் என்று ஒரு வாயிலிருந்து வந்துவிட்டால் அந்த வெல்லம் மறுபடி வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. தாண்டினால் வியாபாரம் படுத்துவிடும். மார்க்கத்தில் இப்படியெல்லாம் இல்லையே என்று பள்ளிவாசல் இமாம் ஒருமுறை கேட்டார். “மார்க்கத்துல இல்ல ஹஜ்ரத், மண்டியில இருக்கு” என்றார் ஜப்பார்.

எனவே விருந்தாளிகள் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோதே ஷர்புன்னிசா காரியத்தை முடித்துவிட்டாள். ஃப்ரிட்ஜ் மேல் சுபைர் வைத்திருந்த கார் சாவியை எடுத்துக்கொண்டு, சாக்கை இடுப்பில் தூக்கிப் போய் டிக்கியில் அவர்கள் பைகளுக்குப் பின்னால் தள்ளிவைத்தாள். சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, தனியாகச் சொல்லி வார்த்த அச்சு வெல்லம் அது. தெருவில் ஆள் இல்லை. மொட்டை மாடியில் ஹப்சா மட்டும் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சாவி மறுபடி ஃப்ரிட்ஜ் மேல் வந்து உட்கார்ந்தது. சாயங்காலம் நாள் குறித்துவிட்டுச் சென்னைக்குக் கிளம்புவார்கள். வீட்டில் போய் டிக்கியைத் திறந்து பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

இடியாப்பத்தின் மேல் பாயாவை ஊற்றிக்கொண்டே மஹ்ஜபீன் சொன்னாள்: “எங்க சொந்தக்காரங்ககிட்ட கடை வெச்சிருக்காங்கன்னு மட்டும்தான் சொல்லியிருக்கோம். வெல்லம்னு சொல்லல. இந்த ஊர் பேரையும் வெல்லத்தையும் சேத்துச் சொன்னா ஒரு மாதிரியா பாக்கறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

“இதுல இன்னாங்க தப்பு” என்றாள் ஷர்புன்னிசா. அவள் கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் பட்டு ஒரு சத்தம் போட்டது.

“நாள் குறிக்கறத சாயங்காலம் வெச்சுக்கலாம். அவ்வளவு தூரம் வந்திருக்கோம். ஊர்ல பாக்கறதுக்கு என்ன இருக்கு?”

ஜப்பாருக்கு அன்றைக்கு லோடு வருகிற நாள். “பொம்பளைங்க போய்ட்டு வாங்க. மாப்ள வண்டி ஓட்டட்டும்” என்று சொல்லிவிட்டு மண்டிக்குப் போய்விட்டார். சுபைர் போனில் ஏற்கெனவே பட்டியல் வைத்திருந்தான். பார்க்க வேண்டிய இடங்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நட்சத்திரம் என்று. வரும் வழியில் தியாகதுருகம் மலைக்கோட்டைக்கு அவனே இரண்டு ஸ்டார் போட்டிருந்தான்.

“ஏறிப் பாத்தீங்களா?” என்று கேட்டாள் ஹப்சா.

“கார்லேர்ந்தே தெரிஞ்சுதே” என்றான் அவன், போனைப் பார்த்தபடி.

ஹப்சா அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். ஷர்புன்னிசா அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ளவில்லை. போன மாதமே மகள் சொல்லியிருந்தாள்: “மா, வேணாம். அவரு என்னப் பாத்துப் பேசல. போனப் பாத்துத்தான் பேசறாரு.” “பொண்ணு மூஞ்சியப் பாக்காம பேசறதுதாண்டி மரியாதை” என்று சொல்லி வாயை அடைத்திருந்தாள். அதற்கப்புறமும் ஒருமுறை வேண்டாம் என்றாள். அப்போது ஷர்புன்னிசா அழுதுவிட்டாள். அம்மா அழுதால் மகளால் தாங்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அழுதாள்.

முதலில் ஊர்ப் பூங்கா. சறுக்குமரம், ஊஞ்சல், தண்ணீர் இல்லாத நீரூற்று, ஒரு காது உடைந்த சிமென்ட் ஒட்டகச்சிவிங்கி. நாலு பேர் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

“இது பூங்காவா?” என்றாள் மஹ்ஜபீன். “எங்க பக்கத்துல அபார்ட்மென்ட்டுக்குள்ளயே இதைவிடப் பெருசா வெச்சிருக்காங்க.”

“சின்ன ஊருதானேங்க அக்கா” என்றாள் ஷர்புன்னிசா. இந்தப் பூங்காவை அவளும் ஒருநாளும் மதித்ததில்லை. இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை வந்திருப்பாள். ஆனால் இன்றைக்கு அந்த ஒற்றைக்காது ஒட்டகச்சிவிங்கியின் மேல் அவளுக்கு எங்கிருந்தோ ஒரு பாசம் பொங்கியது. போய்க் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சுவர் ஓரமாக வரிசையாக நாட்டுவாதுமை மரங்கள். பாதி இலை பச்சையாகவும் பாதி ரத்தச் சிவப்பாகவும் நின்றன.

“பாருங்க, மரத்துக்குக்கூட தண்ணி விடறதில்ல. எல்லாம் பழுத்துப் போச்சு.”

“அது தண்ணி இல்லாம இல்லைங்க மாமி” என்றாள் ஹப்சா. “இந்த மரம் பிப்ரவரில செவக்கும். செவந்து கொட்டிட்டு புதுசா துளுக்கும். அதோட கொணமே அதான்.”

“பேர் தெரிஞ்சு, கொணம் தெரிஞ்சு என்னம்மா பண்ணப் போறோம். கல்யாணத்துக்கு அப்புறம் எப்படியும் வேலைக்கு அனுப்பறதா இல்ல.”

இந்தப் பேச்சு இதற்கு முன்னால் எழவே இல்லை. வேலைக்குப் போகலாம் என்றுதான் தரகர் சொல்லியிருந்தார். ஹப்சா நின்றுவிட்டாள். ஷர்புன்னிசா அவள் முழங்கையைப் பிடித்துக் கிள்ளி, “பேசாம வாடி” என்று பல்லுக்குள் சொன்னாள்.

சுபைர் போனில் தட்டிக்கொண்டே உரக்கப் படித்தான்: “மரங்கள் பராமரிப்பு மோசம். ஒண்ணரை ஸ்டார் போட முடியாதாம்மா. ஒண்ணே போட்டுட்டேன்.”

அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணை. மலை அடிவாரத்தில் இருக்கிறது. இத்தோடு ஊர் சுற்றுவது முடிந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பது ஷர்புன்னிசாவின் கணக்கு. நல்ல காற்று, எதிரே நீலமாக மலை, கரைக்குக் கீழே பூங்காவும் பூச்செடிகளும். எந்தப் பாவிக்கும் மனசு இளகும். மஹ்ஜபீனுக்கு இளகவில்லை.

“கடல் பாத்து வளர்ந்தவளுக்கு இதெல்லாம் குட்டை மாதிரி இருக்கு” என்றாள். கரையில் விற்ற வறுத்த மீனை மட்டும் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, காரம் ஜாஸ்தி என்றாள். கை துடைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தாமல், “கருணாபுரம் எந்தப் பக்கம்? வழியில வந்துதா?” என்று கேட்டாள்.

“ஏங்க?”

“சும்மாதான். நியூஸ்ல பாத்தோமே. வந்தது வந்தோம், சுபைர் ஒரு வீடியோ எடுக்கலாம்னான்.”

ஷர்புன்னிசாவுக்குக் காது மடல் சுட்டது. அந்தத் தெருவிலிருந்து மண்டிக்கு மூட்டை தூக்க வந்துகொண்டிருந்த பூமாலை அந்த வருஷம் ஜூனில் அந்தச் சாராயத்தால்தான் போனான். அவன் பெண்சாதி அமிர்தம் இன்றைக்கும் மண்டியில் கூட்டிப் பெருக்குகிறாள். அது பார்க்கிற இடமா? எத்தனை ஸ்டார் போடுவான் அதற்கு? வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சாயங்காலம் நாள் குறிக்க வேண்டும். வந்ததை மீன் முள்ளோடு சேர்த்து விழுங்கினாள்.

அப்போதுதான் ஹப்சா, இவ்வளவு நேரமும் வாயைத் திறக்காமல் மலையையே பார்த்துக்கொண்டிருந்தவள், திரும்பி மிக மரியாதையாகச் சொன்னாள்: “மாமி, மேல போனா போட்டிங் இருக்குங்க. அருவி இருக்கு. நல்லா குளுகுளுன்னு இருக்கும். ஒரு மணி நேரம்தான்.”

ஷர்புன்னிசாவின் வயிற்றில் பதினைந்து கிலோ சாக்கு விழுந்தது. மலை! டிக்கியில் வெல்லம்!

“வேணாங்க, ரோடு சரியில்ல” என்றாள் அவசரமாக. “வளைவு வளைவா இருக்கும். வாந்தி வரும்.”

“ரோடு நல்லாருக்கும்மா. போன மாசம்தானே ஸ்கூல் டூர் போனோம்” என்றாள் ஹப்சா.

“கொரங்கு ஜாஸ்தி.”

“கொரங்குக்கு பயந்தா எப்படி ஆன்ட்டி?” என்று சிரித்தான் சுபைர். மாமி என்று கூப்பிட வேண்டிய இடத்தில் இன்னும் ஆன்ட்டிதான்.

மஹ்ஜபீன் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “ஏன் தடுக்கறீங்க? காலையிலேர்ந்து இருக்கறதுலயே நல்ல இடத்தை மறைச்சு வெச்சுட்டு, காது உடைஞ்ச ஒட்டகச்சிவிங்கியக் காட்டறீங்க. வண்டிய எடு சுபைர்.”

“தாகமா இருக்கு, டிக்கில தண்ணி பாட்டில் இருக்கும். சாவி குடுங்க மாப்ள, நான் எடுத்துக்கறேன்” என்றாள் ஷர்புன்னிசா.

“நான் எடுத்துத் தரேன் ஆன்ட்டி, நீங்க உக்காருங்க.”

“இல்ல இல்ல, தாகம் போய்டுச்சு” என்று அவள் வேகமாக ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் எப்படிச் சொல்வது? வெல்லம் என்ற வார்த்தையையே சொந்தக்காரர்களிடம் சொல்ல மாட்டோம் என்றவளிடம், உன் வண்டியில் ஒரு மூட்டை வெல்லம் வைத்திருக்கிறேன் என்றா? மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இங்கே கனம் டிக்கியில் இருந்தது, பயம் மட்டும் மடியில் இருந்தது. வெளியூர் வண்டி, பொம்பளைகள் இருக்கிறார்கள், சும்மா விட்டுவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சலவாத்து ஓத ஆரம்பித்தாள்.

சும்மா விடவில்லை. அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் தடுப்புக் கட்டையைத் தூக்கவே இல்லை. ஏட்டு ஒருத்தி கையைக் காட்டி வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள். சட்டையில் இசைவாணி என்று பேர் இருந்தது. “எங்க போறீங்க? டூரா? டிக்கியத் திறங்க தம்பி.”

சுபைர் துள்ளி இறங்கிப் போய்த் திறந்தான். இசைவாணி பைகளை நகர்த்தினாள். பின்னாலிருந்த சாக்கைத் தட்டிப் பார்த்தாள். கட்டை அவிழ்த்தாள். ஏலக்காய் வாசம் ரோடு வரைக்கும் வந்தது.

“இன்னா தம்பி இது? வெல்லம் எங்க போவுது?”

சுபைரின் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு கணம்கூட அவன் யோசிக்கவில்லை. அதைத்தான் ஷர்புன்னிசா பிற்பாடு திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். கையை நீட்டி நேராகப் பின்சீட்டைக் காட்டினான்.

“மேடம், சத்தியமா என்னுது இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது. இவங்க வெச்சதுதான். இவங்க வெல்ல மண்டிக்காரங்க. நாங்க சென்னை.”

மஹ்ஜபீன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். “யா அல்லாஹ். அதான் வேணாம் வேணாம்னு நடிச்சாளா? எங்க வண்டிய வெச்சு மலைக்கு சரக்கு கடத்தறீங்களா? இதுக்குத்தான் சம்பந்தம் பேசினீங்களா? சாராயக்கார ஊர்ல பொண்ணு எடுக்க வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்!”

ரோட்டில் போன இரண்டு பைக் நின்றது. ஷர்புன்னிசா இறங்கி நின்றாள். நான்தான் வைத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மறுபக்கத்துக் கதவு திறந்து ஹப்சா இறங்கிவிட்டாள்.

“நான்தான் வெச்சேன் மேடம்” என்றாள் அமைதியாக. “ஊருக்குத் திரும்பும்போது இவங்க எடுத்துக்கினு போறதுக்கு. எங்க வூட்டு வழக்கம். மலைக்கு வருவோம்னு காலையில தெரியாது.”

ஷர்புன்னிசா மகளை வாயைப் பிளந்து பார்த்தாள்.

“ஆங், ஒத்துக்கிட்டாங்க பாருங்க” என்றான் சுபைர். அவன் குரலில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதை அவன் மறைக்கக்கூட இல்லை. “பேர் எழுதிக்கோங்க மேடம். ஹப்சா. எச், ஏ, எஃப்... அப்பா பேர் அப்துல் ஜப்பார். எங்க பேர் எதுக்கும் வரக்கூடாது. நான் வேணா எழுதிக் குடுத்துடறேன்.”

இசைவாணி அவனைப் பார்க்கவில்லை. ஒரு வெல்லத்தை எடுத்து ஓரத்தை உடைத்து வாயில் போட்டாள். மென்றாள். “சுக்கு, ஏலக்காய்” என்றாள். “காய்ச்சறவன் கறுப்பு வெல்லம் இருக்கறதுலயே மட்டமா பாத்து வாங்குவான். ஏலக்காய் தட்டிப்போட்டு எவனும் ஊறல் போட மாட்டான். சரக்குக்கு இது ஆவாது. ஆனா மூட்டையா மேல விட மாட்டேன். எறக்கி இங்க வெச்சிட்டுப் போங்க, எறங்கி வரும்போது எடுத்துக்கோங்க. இல்லன்னா திரும்பிப் போங்க. யாரு பேரும் எழுத வேண்டியதில்ல தம்பி, போன உள்ள வையுங்க.”

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. ஷர்புன்னிசாவுக்கு அழுகை வந்தது. ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, மறுபடி வண்டியில் ஏறிவிடலாம். சாயங்காலம் நாள் குறித்துவிடலாம். அவ்வளவு எளிது.

“எனக்கு இந்த வெல்லம் வேணாம்” என்றாள் மஹ்ஜபீன். “எங்க வீட்டு வாசல்ல இது வரக்கூடாது. தூக்கிப் போடுங்க.”

“விடும்மா, போட்டிங் டைம் ஆயிடும்” என்றான் சுபைர். “ஆன்ட்டி, ஏறுங்க. நடந்தது நடந்துபோச்சு. அப்புறம் பேசிக்கலாம்.”

ஷர்புன்னிசா ஏறவில்லை. டிக்கிக்குப் போய்ச் சாக்கின் வாயைக் கட்டினாள். இடுப்பில் தூக்கினாள். காலையில் தூக்கினபோது இவ்வளவு கனக்கவில்லை.

“எறங்கியாச்சு. நீங்க போங்க” என்றாள்.

“என்ன ரோஷமா?” என்றாள் மஹ்ஜபீன்.

“ஆமாங்க, ரோஷந்தான். கொஞ்சம் லேட்டா வருது எனக்கு. காலையிலேர்ந்து பாத்துக்கினே இருக்கேன். எங்க பூங்கா ஆவல, எங்க மரம் ஆவல, எங்க அணை குட்டை. செத்தவன் வூட்ட வேடிக்க பாக்கணும்னீங்க. அதுக்கும் வாய மூடிக்கினு இருந்தேன், எம் பொண்ணு வாழணும்னு. எம் பொண்ணு பேர போலீஸ்கிட்ட எழுத்துக் கூட்டி சொல்ற ஆம்பளகிட்ட அவ இன்னா வாழறது?” மூச்சு வாங்கியது. சுபைரின் பக்கம் திரும்பினாள். மாப்ள என்ற சொல் நாக்கிலிருந்து தானாகவே உதிர்ந்துபோயிருந்தது. “தம்பி, போனு கையிலதானே இருக்கு? எங்களுக்கு எத்தினி ஸ்டார்னு போட்டுட்டு மேல போங்க. காத்து நல்லாருக்கும்.”

பைக்கில் நின்றவன் ஒருவன் சிரித்துவிட்டான். மஹ்ஜபீன் ஏதோ சொன்னாள். அதில் பாதி சாராயம், பாதி வெல்லம். கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. இசைவாணி கட்டையைத் தூக்கினாள். வண்டி மலை ஏறிப் போய்விட்டது. நிஜமாகவே போட்டிங்குக்குத்தான் போனார்கள்.

சாவடிக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் அம்மாவும் மகளும் பஸ்ஸுக்காக உட்கார்ந்தார்கள். ஷர்புன்னிசாவுக்கு இப்போது கோபம் வடிந்து பயம் வந்துவிட்டது. மூன்றாவது இடமும் போயிற்று. அதுவும் தன் வாயால். வீட்டில் போய் எந்த முகத்தோடு சொல்வது? துப்பட்டியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நீ எதுக்குடி நான்தான் வெச்சேன்னு சொன்ன?” என்று கேட்டாள்.

“நீ வெச்சத நான் பாத்தேன்மா. மாடியிலேர்ந்து.”

“பாத்தியா? பாத்துட்டா மலைக்குப் போலாம்னு சொன்ன?”

ஹப்சா செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஷர்புன்னிசாவுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்ததும் மகளின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

“அடிப் பாவி! வேணும்னேதான் சொன்னியா? போலீஸ் எழுதியிருந்தா? அத்தா கடை இன்னா ஆவும்?”

“எழுத மாட்டாங்கம்மா. ஸ்கூல் டூர் போனப்ப பொங்கலுக்கு அஞ்சு கிலோ வெல்லம் எடுத்துக்கினு போனோம். இதே சாவடில எறக்கி வெச்சாங்க. வரும்போது குடுத்துட்டாங்க.” அடிபட்ட இடத்தைத் தடவிக்கொண்டாள். “நான் ரெண்டு வாட்டி வேணாம்னு சொன்னேன். நீ அழுதுட்ட. மூணாவது வாட்டி சொல்ல எனக்கு தைரியம் இல்ல. அதான் ஒரு மூட்ட வெல்லத்துக்கு அவரு இன்னா பண்றாருன்னு பாக்கலாம்னு நெனச்சேன். ‘எங்க வண்டில இருக்கு, எங்களுதுதான்’னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சத்தியமா சொல்றேன்மா, வாய மூடிக்கினு நிச்சயத்துக்கு உக்காந்திருப்பேன். வேலையக்கூட விட்டிருப்பேன்.”

ஷர்புன்னிசாவுக்கு மறுபடி அடிக்கக் கை வந்தது. வந்த கை பாதியில் நின்று மகளின் தலைத் துணியைச் சரிசெய்துவிட்டுத் திரும்பியது. கோபம் போகவில்லை. ஆனால் அது யார் மேல் என்று கேட்டால் அவளால் நேர்மையாகச் சொல்ல முடியாது. அழுது காரியம் சாதித்தவள் யார்?

வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பஸ் வந்தது. பின்வாசலில் சாக்கை ஏற்றும்போது கண்டக்டர் கேட்டார்: “சாக்குல இன்னாமா?”

“வெல்லம்.”

“மலையிலேர்ந்து வெல்லமா?” கண்டக்டர் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்: “பதினெட்டு வருஷமா இந்த ரூட்ல போறேன். கீழேர்ந்து மேல போற வெல்லத்தத்தான் பாத்திருக்கேன். மேலேர்ந்து கீழ வர்ற வெல்லத்த இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

பஸ் சிரித்தது. ஷர்புன்னிசா சிரிக்கவில்லை. சீட்டுக்குக் கீழே கிடந்த சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லப்பட்ட வெல்லம். இது வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. ரோட்டில் கொட்டவும் மனசு வராது. குனிந்து கட்டை அவிழ்த்தாள்.

“இந்தா, எல்லாருக்கும் குடு” என்றாள் மகளிடம்.

ஹப்சா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு சீட்டு சீட்டாகக் கொடுத்துக்கொண்டே போனாள். மலைக்காரப் பெண்கள் முந்தானையில் வாங்கிக்கொண்டார்கள். குழந்தை ஒன்று இரண்டு கையிலும் ஒவ்வொன்று கேட்டது. “இன்னாமா விசேஷம்? பொண்ணுக்கு நிச்சயமா?” என்று கேட்டார் கண்டக்டர், வாயில் வெல்லத்தை ஒதுக்கிக்கொண்டு.

“நிச்சயம் கலைஞ்சிடுச்சு” என்றாள் ஷர்புன்னிசா.

கண்டக்டர் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

கச்சிராயபாளையம் தாண்டும்போது போன் அடித்தது. ஜப்பார். எடுத்ததும் கத்தினார். அந்தம்மா மேலேயிருந்து போன் பண்ணியிருந்தாளாம். ஹப்சா வண்டியில் வெல்லம் கடத்தினாளாம், போலீஸ் பிடித்ததாம், அம்மாக்காரி நடுரோட்டில் அவமானப்படுத்தினாளாம்.

“ஹப்சா வைக்கல. நாந்தான் வெச்சேன்” என்றாள் ஷர்புன்னிசா.

“வழக்கத்துக்கு வெச்ச, சரி. அத எதுக்கு மலைக்கு எடுத்துக்கினு போன? என் பேச்சுக்கு மரியாதையே இல்லையா? மலைக்குப் போலாம்னு எவ சொன்னது?”

ஷர்புன்னிசா நிமிர்ந்து பார்த்தாள். பஸ்ஸின் முன்பக்கத்தில் டிரைவருக்கு வெல்லம் நீட்டிக்கொண்டிருந்தாள் ஹப்சா. காலையிலிருந்து இப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. அத்தாவின் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

“நாந்தாங்க சொன்னேன்” என்றாள் ஷர்புன்னிசா. “வூட்டுக்கு வந்து எவ்ளோ வேணா திட்டுங்க. வெல்லம் திரும்பி வரல. சாக்கு மட்டுந்தான் வருது.”